மின்சாரம் வந்தது, முகவரி வரவில்லை

சர்வர்களைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு நன்கு பரிச்சயமான ஒரு சங்கடம் உண்டு. மாதக்கணக்கில் ஒரு குறையும் சொல்ல இடமின்றி ஊழியம் செய்துவந்த ஒரு கணினி, மின்தடையாலோ, இயங்குதளத்தின் மையக்கருவாகிய கெர்னலைப் புதுப்பித்ததாலோ ஒருமுறை அணைந்து மறுபடியும் இயங்கத் தொடங்கும்போது, விசிறிகள் சுழல, விளக்குகள் எரிய, திரையிலே பயனர் பெயரைக் கேட்கும் வரி வந்து நிற்க, ஆரோக்கியத்தின் சகல லக்ஷணங்களோடும் காட்சி தருகிறது; ஆனால் நெட்வொர்க்கிலே அதைக் காணோம். நூலகத்தில் புத்தகம் பதிவு செய்ய வந்தவர்களும், மருத்துவமனையில் ரசீதுக்காக நிற்பவர்களும் ‘சர்வர் டவுன்’ என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருக்கும் சாமானிய மனிதருக்கு ஏதோ பெரிய யந்திரக் கோளாறு நேர்ந்துவிட்டது என்ற எண்ணம் உண்டாவது இயல்பே. யந்திரத்தில் ஒரு பழுதும் இல்லாமல், அந்தக் கணினி தனக்குரிய முகவரியைத் தரித்துக்கொள்ளாமல் எழுந்துவிட்டது என்பது மட்டுமே பல சமயங்களில் நடந்திருக்கும்.

நேற்றுவரை தரித்திருந்த முகவரியை இன்று அது ஏன் தரிக்கவில்லை என்று ஆராயப் புகுந்தால், லினக்ஸ் என்னும் இயங்குதளம் ஒவ்வொரு முறையும் எவ்விதம் கண்விழிக்கிறது என்ற சுவாரசியமான விஷயத்துக்குள் நாம் போக நேரிடும். அதற்கு முன்னால் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சர்வர் இப்பொழுது வேலை செய்கிறது என்பதும், அது அணைந்து எழுந்த பிறகும் வேலை செய்யும் என்பதும் இரு வேறு உண்மைகள். முன்னதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பின்னதையும் அதிலிருந்தே அனுமானித்துக்கொள்வதுதான் இந்தச் சங்கடங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலகாரணம்.

நெட்வொர்க்கில் சேர்ந்த ஒவ்வொரு கணினிக்கும் ஓர் ஐபி முகவரி வேண்டும் என்பதை வாசகர்கள் அறிவார்கள். 1981ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு இன்றும் பெருவழக்கில் இருக்கும் நான்காம் பதிப்பின்படி அது 32 பிட்டுகளால் ஆனது. மனிதர் வாசிக்கும் சௌகரியத்தை உத்தேசித்து 192.168.1.20 என்பதுபோல நான்கு எண்களாக எழுதப்படுகிறது. இம்முகவரியைக் கணினி இரண்டு வழிகளில் அடையலாம். நம்முடைய கைப்பேசியும் வீட்டுக் கணினியும் கையாள்வது கேட்டுப் பெறும் வழி. நெட்வொர்க்கில் சேர்ந்ததும் தமக்கு ஒரு முகவரி வேண்டுமென்று அவை பொதுவாக அறிவிக்க, ரூட்டரோ வேறொரு கணினியோ ஒரு முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகையாக அளிக்கிறது. டிஎச்சிபி எனப்படும் இந்த ஏற்பாடு 1993இல் முதன்முதலாக வரையறுக்கப்பட்டு, 1997இல் இப்போதைய உருவத்தை அடைந்தது. மற்றொன்று, இன்ன முகவரிதான் உன்னுடையது என்று கணினியிலேயே எழுதிவைத்துவிடும் வழி. ஸ்டாட்டிக் ஐபி என்று நெட்வொர்க் ஊழியர்கள் சொல்வது இதைத்தான். பத்துக் கணினிகள் தேடிவரும் சர்வரின் முகவரி நாளைக்கு ஒன்றாக மாறுமானால் பிரிண்டர்களும், ஃபயர்வாலில் எழுதிய விதிகளும், அதை நம்பியிருக்கும் பிற சர்வர்களும் ஒருங்கே தடுமாறிப்போகும் ஆதலால், சர்வர்களுக்கு இந்த ஸ்திரமான முகவரியே பெரும்பாலும் விதிக்கப்படுகிறது.

ஸ்திரம் என்ற இந்தக் குணத்துக்கு ஒரு விலை உண்டு. கேட்டுப் பெறும் கணினி ஒவ்வொரு முறை எழும்போதும் கேட்கிறது. ஆகையால் மறதிக்கு இடமில்லை. எழுதிவைத்ததை நம்பும் கணினியோ, எழுதியது உரிய இடத்தில், உரிய பெயரின் கீழ், உரியவர் படிக்கும் விதத்தில், உரிய வேளையில் கிடைத்தாலொழிய முகவரியற்றே நிற்கும்.

இங்கே ஒரு சூக்ஷ்மத்தைக் கவனிக்க வேண்டும். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்ட லினக்ஸ் கெர்னல், நெட்வொர்க் முகவரிகளைத் தன்னுடைய நினைவகத்தில் மட்டுமே வைத்துக்கொள்கிறது. வட்டிலுள்ள எந்த அமைப்புக் கோப்பையும் அது தானாகத் திறந்து பார்ப்பதில்லை. அக்கோப்பைப் படித்து, அதில் கண்டபடி கெர்னலுக்கு எடுத்துச் சொல்லும் வேலை வேறு நிரல்களுடையது. நெருக்கடியான ஒரு மாலைப்பொழுதில், சர்வருக்கு உடனே ஒரு முகவரி கொடுத்தாக வேண்டிய நிலையில், அதன் பொறுப்பாளர் ‘ஐபி அட்ரஸ் ஆட்’ என்று தொடங்கும் கட்டளையை ஒரே வரியில் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கணமே முகவரி அமலுக்கு வருகிறது. பக்கத்துக் கணினியிலிருந்து பிங் செய்து பார்த்தால் வரிவரியாகப் பதில் வருகிறது. காரியம் முடிந்தது என்று அவரும் வீடு திரும்புகிறார். அவர் சொன்னது கெர்னலின் நினைவுக்கு மட்டுமே போயிற்று. வட்டில் ஓர் எழுத்துக்கூடப் பதியவில்லை. நினைவகமோ மின்சாரம் உள்ளவரைதான். எட்டு மாதம் கழித்து, யுபிஎஸ்ஸின் பேட்டரியும் தீரும் அளவுக்கு ஒரு மின்தடை நேரும்போது அந்த முகவரி சுவடின்றி மறைகிறது. அதற்குள் அதைக் கொடுத்தவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருக்கவும் கூடும்.

இதற்கு நேர்மாறான நிலை இன்னும் ஏமாற்றக்கூடியது. கோப்பைத் திருத்திவிட்டு, திருத்தத்தை அமலாக்காமலே விட்டுவிட்டால், கணினி தன் நினைவிலுள்ள பழைய முகவரியோடு ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும். திருத்தத்தில் ஒரு பிழை இருந்தால் அது அடுத்த ரீபூட் வரையில் பதுங்கியிருந்து, திருத்தியவரே அதை மறந்துபோன ஒரு நாளில் வெளிப்படும். ஆதலால் இத்தகைய கோளாறு நேர்ந்தவுடன் நான் முதலில் பார்க்கச் சொல்வது இரண்டு தேதிகளை: நெட்வொர்க் அமைப்புக் கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்டது எப்போது, இதற்கு முந்தைய முறை கணினி பூட் ஆனது எப்போது என்பவையே அவை. கோப்பின் தேதி அந்த பூட்டுக்குப் பிந்தியதாக இருந்தால், கோப்பிலே இப்போது எழுதியிருப்பது இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டிருக்கிறது என்பது தெளிவாகிவிடும். ‘இத்தனை நாளும் இதே கோப்போடுதானே ஓடியது’ என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப்போகும்.

சரி, கோப்பில் எழுதிவிட்டால் போதுமா என்றால், எந்தக் கோப்பில் என்ற கேள்வி எழுகிறது. லினக்ஸ் ஒருவர் வீட்டுச் சொத்து அன்று. பல நிறுவனங்களும் தொண்டர் குழுக்களும் தத்தம் மரபின்படி அதைத் தொகுத்து வெளியிடுகின்றன. டெபியன் மரபிலே ‘ஈடிசி’ அடைவின் ‘நெட்வொர்க்’ கிளையிலுள்ள ‘இன்டர்ஃபேசஸ்’ என்ற கோப்பில் முகவரியை எழுதுவது நெடுநாளைய வழக்கம். அதில் முகவரி, அண்டை முகவரிகளின் எல்லையைக் குறிக்கும் மாஸ்க், வெளியுலகுக்கு வாசலாகிய கேட்வே யாவும் பிழையற இருந்தும், ‘ஆட்டோ’ என்ற சொல்லும் நெட்வொர்க் கார்டின் பெயரும் கொண்ட ஒரு சிறு வரி விடுபட்டுப்போனால், கையால் கட்டளையிடும்போது முகவரி வரும், பூட்டின்போது வராது. ஏனெனில் பூட்டின்போது எதை எழுப்புவது என்று கணினிக்குச் சொல்வது அந்த வரி. ரெட் ஹாட் மரபில் இதே ஸ்தானத்தை நெடுநாள் வகித்துவந்தது ‘ஆன்பூட்’ என்ற வரி. அதன் எதிரே ‘நோ’ என்று இருந்துவிட்டால் மற்ற வரிகள் எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

இவ்விரண்டு மரபுகளோடு விஷயம் முடிந்திருந்தால் நினைவில் வைப்பது சுலபமாக இருந்திருக்கும். 2004இல் ரெட் ஹாட் நிறுவனத்தில் நெட்வொர்க் மேனேஜர் என்ற நிரல் தோன்றியது. பின்னர், கணினியை எழுப்பும் பொறுப்பை ஏற்ற சிஸ்டம்-டி தன் பங்குக்கு நெட்வொர்க்-டி என்ற ஒரு நிரலைக் கொண்டுவந்தது. 2017 அக்டோபரில் உபுண்டு, நெட்பிளான் என்ற புதிய ஏற்பாட்டை இயல்பான வழியாக்கி, யாமல் என்ற வடிவில் எழுதிய கோப்பைப் படித்து மேற்சொன்ன இரண்டு நிரல்களில் ஒன்றுக்கு உரிய விதமாக மாற்றிக் கொடுக்கும்படி செய்தது. 2022இல் வந்த ரெட் ஹாட் ஒன்பதாம் பதிப்பில் பழைய நெட்வொர்க் ஸ்கிரிப்டுகள் அறவே நீக்கப்பட்டன. ஆகவே, பழைய கையேட்டில் படித்ததை நம்பி, இன்றைய உபுண்டு சர்வரில் ‘இன்டர்ஃபேசஸ்’ கோப்பைத் தேடி, அது இல்லாதது கண்டு தாமே புதிதாக உண்டாக்கி, அழகாக எழுதிவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதியதில் இலக்கணப் பிழை இராது. அதைப் படிப்பவர்தான் அங்கே எவரும் இல்லை. எந்த நிரலும் படிக்காத கோப்பு எந்தப் பிழைச் செய்தியையும் தோற்றுவிக்காது என்பதால், இந்த மௌனம் மனிதரை மணிக்கணக்கில் அலைக்கழிக்கிறது.

படிப்பவர் இருவராகிவிட்டாலும் கஷ்டமே. நெட்பிளான் தன் அடைவிலுள்ள கோப்புகளைப் பெயரின் அகர வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து இணைத்துக்கொள்கிறது. முகவரிப் பட்டியல்களைப் பொறுத்தவரை, பின்னால் வரும் கோப்பு முன்னதை நீக்காமல் அதனோடு சேர்த்துக்கொள்கிறது. பழைய கோப்பை நீக்காமல் புதிய கோப்பொன்றை எழுதிவைத்தவர், ரீபூட்டுக்குப் பிறகு ஒரே கார்டில் இரண்டு முகவரிகள் இருப்பதைக் கண்டு திகைப்பது இதனால்தான். மேகச் சேவைகளில் வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளிலோ, கிளவுட்-இனிட் என்ற நிரல் பூட்டின்போது தானே ஒரு நெட்பிளான் கோப்பை உண்டாக்குகிறது. இதில் செய்யும் மாறுதல்கள் நிலைக்கமாட்டா என்று அக்கோப்பின் தலைப்பிலேயே எச்சரிக்கையும் எழுதிவைக்கிறது. அவசரத்தில் இருப்பவர் தலைப்பைப் படிப்பதில்லை. அந்தக் கோப்பிலேயே ஸ்டாட்டிக் முகவரியை எழுதி, அமலாக்கி, சோதித்து, மகிழ்ந்திருப்பவருடைய எழுத்தை ஒரு நாள் பூட்டின்போது கிளவுட்-இனிட் வந்து அழித்துவிட்டுத் தன் எழுத்தை எழுதிவிடுகிறது. நெட்வொர்க் விஷயத்தில் தலையிட வேண்டாம் என்று அந்த நிரலுக்கு அதன் சொந்த அமைப்பு அடைவிலே ஒரு வரி எழுதிவைப்பதுதான் இதற்குப் பரிகாரம். யாமலைப் பற்றி இன்னொரு வார்த்தை: அதில் வரிகளின் உள்தள்ளலே பொருளைத் தீர்மானிக்கிறது, டேப் விசையை ஓரிடத்தில் அழுத்திவிட்டால் அந்தக் கோப்பே படிக்க இயலாததாகிவிடும்.

இனி, பெயர் என்ற விஷயத்துக்கு வருவோம். என் மதிப்பில் இந்தத் துறையிலேயே மிகுந்த நயம் உடையது இதுதான். கோப்பிலே எழுதும் முகவரி ஏதேனும் ஒரு நெட்வொர்க் கார்டின் பெயருக்குக் கீழேதான் எழுதப்படுகிறது. அக்காலத்தில் அந்தப் பெயர் ஈத்0, ஈத்1 என்று இருந்தது. கெர்னல் எந்தக் கார்டை முதலில் கண்டுகொண்டதோ அதற்கு ஈத்0 என்ற பெயர். ஒரே கார்டு உள்ள கணினியில் இதனால் தொல்லையில்லை. இரண்டு கார்டுகள் உள்ள சர்வரிலோ, எது முந்திக்கொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் இல்லாததால், இன்று ஈத்0 என்று எழுந்தது நாளை ஈத்1 என்று எழக்கூடும்; வெளியுலகை நோக்கிய கார்டின் முகவரி உள் நெட்வொர்க்கின் கார்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இந்த விபரீதத்தைத் தவிர்க்கும் பொருட்டு, 2013 ஜனவரியில் வெளியான சிஸ்டம்-டியின் 197ஆம் பதிப்பு, கார்டு கணினிக்குள் வீற்றிருக்கும் இடத்தைக் கொண்டே அதற்குப் பெயரிடும் முறையைக் கொண்டுவந்தது. ‘ஈஎன்பி3எஸ்0’ என்று ஒரு பெயரைக் கண்டால், முதல் இரண்டு எழுத்துகள் ஈதர்நெட் என்ற இனத்தையும், அடுத்தது மூன்றாம் பிசிஐ பஸ்ஸையும், கடைசி அதன் பூஜ்யமாம் ஸ்லாட்டையும் குறிக்கும். கெர்னலின் குறிப்பேட்டைப் புரட்டினால், பூட்டின் ஆரம்பத்தில் அந்தக் கார்டு ஈத்0 என்றே பதிவாகி, சற்று நேரத்தில் ஈஎன்பி3எஸ்0 என்று பெயர் மாற்றப்பட்ட செய்தி ஒரே வரியில் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்.

இடத்தைக் கொண்டு பெயரிட்டால் பெயர் மாறாது என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஆயினும் பஸ்ஸுக்குரிய எண், கணினி எழும்போது வரிசையாக எண்ணிக்கொண்டு வருவதால் கிடைப்பது. தெருவின் நடுவே ஒரு புது வீடு எழும்ப, நகராட்சிக்காரர் தெருமுனையிலிருந்து மறுபடியும் எண்ணிக்கொண்டு வந்து இலக்கம் போட்டால், அப்புறமுள்ள வீடுகளின் கதவிலக்கங்கள் எல்லாம் ஒன்று கூடிவிடுவதுபோல, சர்வருக்குள் புதிதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டையோ வேகமான வட்டையோ செருகினால், தொடவே படாத நெட்வொர்க் கார்டின் பெயர் ஈஎன்பி3எஸ்0 என்பதிலிருந்து ஈஎன்பி4எஸ்0 என்று மாறிவிடக்கூடும். கோப்பிலோ பழைய பெயர். அந்தப் பெயருடைய கார்டுக்காகக் கணினி காத்திருக்க, கார்டு வேறு பெயரோடு பக்கத்திலேயே சும்மா இருக்கும். வட்டை மாற்றினோம், நெட்வொர்க் போயிற்று என்று ஒருவர் சொல்லும்போது, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

பெயரை நம்பாமல், கார்டிலேயே பொறிக்கப்பட்ட 48 பிட்டு மேக் முகவரியைக் கொண்டு அதை அடையாளம் காணும்படி நெட்பிளானிலும் நெட்வொர்க்-டியிலும் எழுத இடமுண்டு. தனித்து நிற்கும் யந்திரங்களுக்கு நான் அதையே சிபாரிசு செய்வேன். மெய்நிகர்க் கணினிகளுக்கு அது பொருந்தாது. ஒன்றைப் பிரதியெடுத்து மற்றொன்றை உண்டாக்கும்போது பிரதிக்குப் புதிய மேக் முகவரி வழங்கப்படுவதால், மூலத்தின் மேக்கைத் தேடும் கோப்பு பிரதியில் தோற்றுப்போகிறது.

பெயரும் இடமும் சரியாக அமைந்த பின்னரும் எஞ்சி நிற்பது காலம். இதனால் நேரும் கோளாறு சில நாள் தோன்றும், சில நாள் தோன்றாது. ஆகையால் இதைப் பிடிப்பது கடினம். 2010இல் அறிமுகமாகி, பிற்பாடு பெரும்பாலான லினக்ஸ் தொகுப்புகளில் இடம்பிடித்த சிஸ்டம்-டி, விரைவைக் கருதிப் பல சேவைகளை ஒரே சமயத்தில் எழுப்புகிறது. இது முடிந்த பிறகு அது என்ற கிரமத்தை வெளிப்படையாக எழுதினாலொழிய எது முந்தும் என்று சொல்ல முடியாது. என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சேவை நிரலிடம், 192.168.1.20 என்ற முகவரியில் மட்டும் கேள் என்று சொல்லிவைத்திருப்பதாகக் கொள்வோம். அது எழும் கணத்தில் அந்த முகவரி கார்டில் இன்னும் ஏறியிராவிட்டால், கேட்கப்பட்ட முகவரியை ஒதுக்க இயலவில்லை என்ற பொருளில் 99 என்ற பிழை எண்ணோடு ஒரு வரியைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அது படுத்துவிடும். ஒரு நிமிஷம் கழித்து மனிதர் வந்து பார்க்கும்போது முகவரி இருக்கிறது; சேவையைக் கையால் தொடங்கினால் உடனே எழுகிறது; குற்றவாளி எங்கேயென்று தேடினால் அகப்படுவதில்லை. முகவரி எதையும் குறிப்பிடாமல் எல்லா முகவரிகளிலும் கேட்கும்படி அமைந்த சேவைகளுக்கு இந்தக் கதி நேருவதில்லை.

இதற்குச் சிஸ்டம்-டியில் இரண்டு எல்லைக் கற்கள் உள்ளன. நெட்வொர்க் டார்கெட் என்பது ஒன்று. நெட்வொர்க் ஆன்லைன் டார்கெட் என்பது மற்றொன்று. முன்னது, நெட்வொர்க்கைக் கவனிக்கும் நிரல் எழுந்துவிட்டது என்பதைத் தவிர வேறெதையும் உணர்த்துவதில்லை. முகவரி ஏறிவிட்டதா என்பது அதற்குத் தெரியாது. பலரும் தங்கள் சேவையை இதற்குப் பிறகு தொடங்கும்படி எழுதிவிட்டுக் கடமை முடிந்ததாக நினைக்கிறார்கள். உண்மையிலேயே முகவரிக்காகக் காத்திருப்பது பின்னது. நெட்வொர்க்-டியின் ஏற்பாட்டில் அது இயல்பாக 120 விநாடிகள் வரை காத்திருக்கும். கேபிள் செருகாத இரண்டாவது கார்டு ஒன்று கோப்பிலே எழுதப்பட்டிருந்தால், அதற்காகவும் காத்திருந்து பூட்டையே இரண்டு நிமிஷம் தாமதப்படுத்திவிடும். அந்தக் கார்டு இன்றியமையாதது அன்று என்று நெட்பிளானில் ஒரு வரியால் குறித்துவிட்டால் அந்தத் தாமதம் நீங்கும்.

இவ்விடத்தில், ஸ்டாட்டிக் முகவரிக்கே உரிய ஒரு தோஷத்தைச் சொல்லியாக வேண்டும். கேட்டுப் பெறும் கணினி, யாரோ ஒருவரிடமிருந்து பதில் வந்த பிறகே தான் ஆன்லைன் ஆகிவிட்டதாக அறிவிக்கிறது. பதில் வந்ததே பாதை திறந்திருப்பதற்குப் பிரமாணம். எழுதிவைத்த முகவரியைத் தரிப்பதற்கு எவரோடும் சம்பாஷணை தேவையில்லை. கேபிளில் மின்குறி தென்பட்டதும் முகவரியைத் தரித்துக்கொண்டு, ஒரு தகவல் பொட்டலம்கூட அனுப்பிப் பாராமலே, ஆன்லைன் ஆகிவிட்டேன் என்று அது சொல்லிவிடுகிறது. கேபிளின் மறுமுனையிலுள்ள சுவிட்சோ அப்போது வேறு காரியத்தில் ஈடுபட்டிருக்கலாம். நெட்வொர்க்கில் பொட்டலங்கள் வட்டமடித்துச் சிக்கிக்கொள்ளாதிருக்கும் பொருட்டு ராடியா பெர்ல்மன் என்ற பெண்மணி 1985இல் வகுத்த ஸ்பானிங் ட்ரீ என்ற நெறியின்படி, புதிதாக உயிர்பெற்ற போர்ட்டைச் சுவிட்ச் உடனே திறந்துவிடுவதில்லை. 15 விநாடி செவிமடுத்தும், மேலும் 15 விநாடி கற்றுக்கொண்டும், வட்டம் எதுவுமில்லை என்று நிச்சயித்த பின்னரே அதில் பொட்டலங்களைக் கடத்துகிறது. இந்த அரை நிமிஷத்துக்குள், தொலைவிலுள்ள வட்டை இணைக்க முயலும் என்எஃப்எஸ்ஸும், பெயரைத் தேடும் சேவைகளும் தோற்றுப்போகக்கூடும். பழைய கணினிகள் நிதானமாக எழுந்த காலத்தில் இது வெளியே தெரியவில்லை. இருபது விநாடிக்குள் எழுந்து நிற்கும் இன்றைய கணினிகளில்தான் தெரிகிறது. சர்வர் செருகப்பட்ட போர்ட்டை உடனே திறக்கும்படி சுவிட்சில் சொல்லிவைக்கும் ஏற்பாடு உண்டு, போர்ட்ஃபாஸ்ட் என்பார்கள். நெட்வொர்க்கைச் சர்வருக்கு வெளியேயும் பார்க்கப் பழகியவருக்கே இந்தப் பரிகாரம் புலப்படும்.

கோளாறு நேர்ந்தபின் எப்படி ஆராய்வது? நெட்வொர்க்கே இல்லாத கணினியை நெட்வொர்க் வழியாக அணுக முடியாது ஆதலால், அதன் எதிரில் போய் உட்கார வேண்டும், அல்லது தொலைவிலிருந்தே திரையைக் காட்டும் தனிச் சாதனம் அதில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். பிறகு கீழிருந்து மேலாகப் போவதே உத்தமம். ‘ஐபி லிங்க்’ என்ற கட்டளை கார்டுகளை வரிசையாகக் காட்டும். ‘நோ கேரியர்’ என்று கண்டால் கேபிளையும் சுவிட்சையும் பாருங்கள், கோப்பைத் தொடாதீர்கள். கார்டின் பெயரைக் கோப்பிலுள்ள பெயரோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அடுத்து ‘ஐபி அட்ரஸ்’: முகவரியோடு, மாஸ்க்கைக் குறிப்பதாகச் சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 192.168.1.20 என்பதன் பின்னால் 24க்குப் பதிலாக 28 என்று விழுந்துவிட்டால், கணினி தன் அண்டை வீடுகளாகக் கருதுவது 16 முதல் 31 வரையுள்ள முகவரிகளை மட்டுமே, 192.168.1.1 என்ற கேட்வே அந்த எல்லைக்கு வெளியே போய்விடுவதால், அதன் வழியாகப் பாதை அமைக்கக் கெர்னல் மறுத்துவிடும். முகவரி இருந்தும் வெளியுலகம் எட்டாமற்போவது இப்படியும் நேரும். ‘ஐபி ரூட்’ என்று அடித்து, ‘டீஃபால்ட்’ என்ற வரி இருக்கிறதா, ஒன்றுதானா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பாதையும் இருந்து பதில் மட்டும் விட்டுவிட்டு வருமானால், அதே முகவரியை வேறொரு கணினியும் தரித்திருக்கிறதோ என்று சந்தேகிக்கலாம். டிஎச்சிபி வழங்கும் வரம்புக்குள்ளேயே ஸ்டாட்டிக் முகவரியை எழுதிவைத்துவிட்டால், சர்வர் அணைந்திருந்த வேளையில் அந்த முகவரி யாரோ ஒருவருடைய கைப்பேசிக்குக் குத்தகையாகப் போயிருக்கும். கேட்வேயைப் பிங் செய்து பதில் கிடைத்த பிறகே பெயர்த் தேடலாகிய டிஎன்எஸ்ஸைச் சந்தேகிக்க வேண்டும். பலர் அதில் ஆரம்பித்துக் காலத்தை இழக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் சாட்சியாக இருப்பது ‘ஜர்னல் சி-டி-எல்’ என்ற கட்டளையால் திறக்கும் குறிப்பேடு. இந்த பூட்டில் நடந்ததையும், வட்டில் சேமிக்கும்படி அமைத்திருந்தால் முந்தைய பூட்டில் நடந்ததையும் விநாடிவாரியாக அது காட்டும். இரண்டையும் அருகருகே வைத்து, கார்டு பெயர் பெற்ற கணம், முகவரி ஏறிய கணம், சேவை தோற்ற கணம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டவருக்கு அனுமானம் தேவைப்படாது.

திருத்தும்போதும் ஒரு பாதுகாப்பு உண்டு. ‘நெட்பிளான் டிரை’ என்று கட்டளையிட்டால், புதிய அமைப்பு அமலாகி, 120 விநாடிக்குள் நாம் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்பே திரும்பிவிடும். தொலைவிலிருந்து வேலை செய்பவர், தாம் அமர்ந்த கிளையைத் தாமே வெட்டிக்கொள்ளாமல் இது காக்கிறது. எனினும் அது நிரூபிப்பது இப்போதைய நிலையை மட்டுமே, பூட்டை அன்று. பூட்டைப் பரீட்சிக்க பூட் செய்தே பார்க்க வேண்டும், அதுவும் மின்தடை தேர்ந்தெடுக்கும் வேளையில் அன்றி நாமே தேர்ந்தெடுத்த ஒரு வேளையில், பயனர்களுக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டு, திரையின் எதிரே உட்கார்ந்துகொண்டு. மாதக்கணக்கில் அணையாமல் ஓடிக்கொண்டிருப்பதைச் சர்வரின் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வழக்கத்தை நான் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. அத்தனை மாதங்களாக அதன் பூட் பரீட்சிக்கப்படவில்லை என்பதும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

அந்தப் பரீட்சையை ரீபூட் கட்டளையோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. மின்தடைக்குப் பின் எழுவது சர்வர் மட்டும் அன்று. அதே அறையிலுள்ள சுவிட்சும் அதே கணத்தில்தான் எழத் தொடங்குகிறது, நிர்வகிக்கப்படும் பெரிய சுவிட்சுகளில் சில எழுந்து முடிப்பதற்குப் பல நிமிஷங்கள் பிடிக்கின்றன. வேகமாக எழும் சர்வர் கேபிளில் மின்குறியின்றி 120 விநாடிகள் காத்திருந்து சலித்து, முகவரியின்றியே மற்றச் சேவைகளைத் தொடங்கிவிடுகிறது. சுவிட்ச் எழுந்த பிறகு முகவரி வந்து ஏறினாலும், அதற்குள் தோற்றுப் படுத்த சேவைகள் தாமாக எழுவதில்லை. சேவை தோற்றால் சில விநாடி கழித்து மறுபடி முயலும்படி, சிஸ்டம்-டி படிக்கும் அதன் யூனிட் கோப்பில் எழுதிவைப்பது இதற்கு ஒரு பரிகாரம்; காத்திருக்கும் அவகாசத்தை நீட்டுவது மற்றொன்று. எதைச் செய்தாலும், ஒரு விடுமுறை நாளில் சர்வரையும் சுவிட்சையும் முறைப்படி அணைத்து, இரண்டின் மின்சாரத்தையும் சேர்த்தே நிறுத்தி, சேர்த்தே கொடுத்துப் பாருங்கள்.